சூரைச்செடியின் கீழே: அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள்

வேதபாடம்: 1 இராஜாக்கள் 19:1–8



மேற்கண்ட பகுதியை வேதாகமத்தில் ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு இந்தப் பாடத்திற்கு வாருங்கள். கர்மேலில் பெரிய வெற்றியைக் கண்ட எலியா, யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவிலே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தனியே நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, இனிச் சாவு வந்தால் போதும் என்று ஜெபிக்கிறார். அங்கே வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரமும் வந்து, போகவேண்டிய தூரம் இன்னும் அதிகம் என்பதை உணர்த்தி, மறுபடியும் சாப்பிட வைத்தான். அவர் ஏன் அங்கே வந்தார் என்று கர்த்தர் விசாரித்தது ஓரேபிலேதான். அதற்குள் நாற்பது நாள் நடை முடிந்திருந்தது.

புற்றுநோயாளிகள் நடுவே ஊழியஞ்செய்யும் நாங்கள் இந்தப் பகுதியை அடிக்கடி வாசிக்கிறோம். முக்கியமாக, உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தவர்களோடு வாசிக்கிறோம். இவர்களில் அநேகருக்கு இப்போது முதலாவது அறுவை சிகிச்சை செய்வதில்லை. ஐந்து வாரமளவும் கதிர்வீச்சும் கீமோதெரபி மருந்தும் சேர்த்துக் கொடுத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பி, சில வாரங்கள் கழித்துத்தான் அறுவை செய்கிறார்கள். நெதர்லாந்தில் 366 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆராய்ச்சி இந்த முறைக்குப் பெரிய ஆதாரமாயிற்று. அறுவை மட்டும் செய்யப்பட்டவர்களில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 24 மாதம். முன்சிகிச்சை பெற்று அறுவை செய்துகொண்டவர்களில் அது 49 மாதம்.

ஆனால் அந்த இடைப்பட்ட வாரங்களைக் குடும்பத்தார் புரிந்துகொள்வதில்லை. "கட்டில் காலி இல்லையோ? நம்மிடம் பணம் இல்லை என்று தள்ளிப் போடுகிறார்களோ?" என்று எங்களிடம் வந்து கேட்பவர்கள் உண்டு. அப்படியல்ல. கதிர்வீச்சு நின்ற பிறகும் அதன் வேலை நிற்பதில்லை. கட்டி இன்னும் பல வாரங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும். மறுபக்கம், மருந்தினால் இரத்த அணுக்கள் குறைந்திருக்கும். உணவுக்குழாயின் உட்புறம் வெந்து புண்ணாகியிருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் தையல் ஆறாது. ஆகவே பொதுவாக 4 முதல் 8 வாரம் வரை பொறுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நாட்களை நோயாளியே நீட்டிக்கொண்டு போவதும் நல்லதல்ல. நோய் மறுபடியும் தலையெடுக்கலாம், கதிர்வீச்சுப் பட்ட தசையும் நாளடைவில் இறுகிப்போகும்.

முதல் இரண்டு மூன்று வாரம் கடினமானது. சிகிச்சை முடிந்தும் விழுங்குவது முன்னைவிட வலிக்கும். எச்சில் விழுங்கவும் பயப்படுவார்கள். சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க வேண்டியிருக்கும். எலியாவைப் போலவே, போதும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவரை அவிசுவாசி என்று எண்ண வேண்டாம். உடம்பு களைத்துப்போன மனுஷன் பேசுகிற பேச்சு அது. இந்நாட்களில் பார்க்கப் போகிறவர்கள் பிரசங்கம் பண்ணாமலிருந்தால் நாங்கள் நன்றியுள்ளவர்களாயிருப்போம். இந்த வியாதி ஏன் வந்தது, என்ன பாவம் என்று விசாரிக்கிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடலாம்.

உணவைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வியாதி என்றவுடன் நீர்க்கஞ்சிதான். முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் சளி என்று பத்தியம் வைத்து, ஏற்கனவே மெலிந்தவரை இன்னும் மெலியவைக்கிறோம். அறுவையைத் தாங்க வேண்டிய உடம்புக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு, ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் இரண்டு கிராம்கூட இராது. அவித்த முட்டையைப் பாலோடு மசித்தோ, பருப்பையும் சாதத்தையும் குழைய வேகவைத்து நெய் விட்டோ, முள் நீக்கிய மீனைப் பிசைந்தோ, கொஞ்சங் கொஞ்சமாக ஆறேழு வேளை கொடுக்கலாம். உட்கார்ந்தபடியே சாப்பிட்டு, அரைமணி நேரம் படுக்காமலிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. எடை இறங்கிக்கொண்டே போனால், குறித்த தேதிவரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே, இரவானாலும், வர வேண்டும்.

இங்கே விசுவாசிகளுக்கு ஒரு வார்த்தை. நோயாளியே உபவாசமிருந்து ஜெபிக்கும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. பக்தி நல்லதுதான். ஆனாலும் இந்த வாரங்களில் நோயாளி உபவாசிக்க வேண்டாம். அவருக்காகச் சபையார் உபவாசிக்கட்டும். எலியா நாற்பது நாள் நடந்தது தூதன் கொடுத்ததைச் சாப்பிட்டுத்தான் என்று வேதம் சொல்லுகிறது.

மூச்சுப் பயிற்சியும் அவசியம். இந்த அறுவையில் பெரும்பாலும் மார்புக்கூட்டுக்குள்ளும் செல்ல வேண்டியிருப்பதால், பின்னால் வரும் பெரிய ஆபத்து நுரையீரலில் சளி கட்டுவதே. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பல வீடுகளில் அது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. தினமும் பலமுறை அதை உறிஞ்சிப் பழக வேண்டும். காலையும் மாலையும் நடக்க வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை, மது இவற்றை அடியோடு விட வேண்டும் என்பதை நாங்கள் சொல்லாமலே அறிவீர்கள்.

இனி, எங்களை அதிகமாய்க் கலங்கப்பண்ணுகிற காரியம் ஒன்று உண்டு. நான்காம் ஐந்தாம் வாரத்தில் புண் ஆறுகிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மட்டும் குடித்தவருக்குச் சோறு இறங்குகிறது. முகம் தெளிகிறது. அப்போது, "ஐயா, இப்பத்தான் நல்லா சாப்பிடுறேன். இனி எதுக்கு நெஞ்சைக் கிழிக்கணும்?" என்று கேட்கிறார்கள். சிலர் கேட்பதுகூட இல்லை, வராமலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடியும் அடைத்துக்கொண்டு வரும்போது, அறுவைக்கு வழியில்லாத நிலையாகிவிடுகிறது.

மேலே சொன்ன ஆராய்ச்சியில், முன்சிகிச்சைக்குப் பின் அறுத்தெடுத்த பகுதியைச் சோதித்தபோது, 100 பேரில் 29 பேருக்குத்தான் நோய் ஒன்றும் மீதியில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சமாவது இருந்தது. சோறு இறங்குவதை வைத்து நாம் இந்த 29 பேரில் ஒருவர் என்று தீர்மானிக்க முடியாது. சிலருக்கு அறுவையைத் தள்ளிவைத்துக் கவனமாய்ப் பார்த்துவரலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பதும் உண்டு. அது உள்நோக்கிக் கருவி, ஸ்கேன் எல்லாம் பார்த்து, திரும்பத் திரும்ப வரவழைத்துச் சோதித்து அவர்கள் எடுக்கும் முடிவு. வீட்டில் உட்கார்ந்து எடுக்கும் முடிவல்ல.

சபையில் சாட்சி சொல்லிவிட்டதாலேயே வரத் தயங்குகிறவர்களும் உண்டு. "கர்த்தர் சுகமாக்கினார் என்று எல்லாரும் கைதட்டின பிறகு எப்படி ஆபரேஷனுக்குப் போவது?" என்று ஒரு சகோதரி எங்களிடம் அழுதார். போதகர்களே, சபை மூப்பர்களே, இதை உங்களுக்கே சொல்லுகிறோம். அவர் சாப்பிடுகிறார் என்பதற்காகத் தேவனை ஸ்தோத்திரியுங்கள். அறுவைக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்கள். மருத்துவமனைக்குத் திரும்பிப் போவது சாட்சியை மறுதலிப்பது ஆகாது. தூதன் முதல்முறை கொடுத்த அடையோடு எலியா பிழைத்துக்கொண்டார் என்று கதை முடிந்துவிடவில்லையே.

வராததற்கு வேறொரு எளிய காரணமும் இருக்கிறது: பஸ் செலவுக்குப் பணமில்லை, துணைக்கு ஆளில்லை. ஆகவே உங்கள் சபையில் இப்படிப்பட்ட நோயாளி இருந்தால், அவருடைய சீட்டில் குறித்துள்ள தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்த வாரம் அவரோடு யார் புறப்படுவது என்று முன்னதாகவே பேசி முடியுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும். அதை வார்டை விட்டுக் கிளம்புமுன்னே கேட்டு வாங்கிக்கொண்டால், அதற்காக இன்னொரு தரம் வந்துபோகும் செலவு மிச்சமாகும்.