நந்தனாரும் கிந்தனாரும்

கேலிப் பாட்டு என்றவுடன் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. பிறர் அமைத்த மெட்டை எடுத்து, அதில் தன் சொல்லை அடைத்து, நாலு பேரைச் சிரிக்க வைப்பதும் ஒரு கலையா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். விடுதி நாள் விழாக்களில் நாம் கேட்கும் கேலிப் பாட்டுகளுள் பத்துக்கு ஒன்பது இந்தக் கேள்விக்கு விடை சொல்ல மாட்டாமல் விழிக்கும். ஆயினும் அதற்கு விடையாக நிற்கும் கேலிக் கதை ஒன்று தமிழில் உண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபமே அது.

பாட்டனார் வைத்திருந்த ஒலிநாடாவில் அதைச் சிறு வயது முதல் கேட்டு வருகிறேன். இன்று ஐதராபாத்தில் வேதியியல் முதுநிலை படிக்கும்போதும், ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் கைப்பேசியில் கேட்கிறேன். சிரிப்பு குறையவில்லை, சிரிக்கும் இடங்கள்தாம் மாறியிருக்கின்றன. அந்த மாற்றம் ஏன் என்று எண்ணிப் பார்த்ததே இக்கட்டுரை.

கிந்தனார் 1949 பிப்ரவரியில் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் இடம்பெற்றது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய அப்படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் அறிஞர் அண்ணா. அமெரிக்காவில் 1936-இல் வந்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்ற படத்தைத் தழுவி எழுதப்பட்டது அது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்ற கலைவாணர், 1947 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று விடுதலையாகி இரண்டாண்டுகூட நிறையாத காலம். கிந்தனாருக்குப் பாட்டு எழுதியவர் உடுமலை நாராயண கவி. படத்தின் கதையைப் பலர் மறந்துவிட்டார்கள், காலட்சேபத்தை மறக்கவில்லை.

அசலை அறியாமல் நகலைச் சுவைக்க இயலாது. ஆதலால் அசலுக்குப் போவோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வருகிறார். ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்தவர். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிக்கொண்டே இருந்தமையால் அப்பெயர் பெற்றவர். அந்தக் காவியத்தில் அவரை மறித்து நிற்கும் பண்ணையார் ஒருவரும் இல்லை. தன் பிறப்பைப் பற்றிய எண்ணமே அவரை மறித்தது. தில்லையை அடைந்த பின்னும் உள்ளே செல்லத் துணியாமல் எல்லையில் சுற்றி நிற்கிறார். இறுதியில் இறைவன் ஆணைப்படி தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து கோயிலுக்குள் புகுகிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ ஆக்கினார். அப்போது அவர் சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைப் படைத்தார். அவர்தான் வேதியர்: நந்தனாரின் ஆண்டை. நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று நிபந்தனை விதிக்கிறவர். ஒரே இரவில் இறைவன் அருளால் வேலை முடிந்து கதிர் விளைந்து நிற்க, வேதியர் நந்தனாரின் காலில் விழுகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலின் இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார் என்பதும், பாரதியார் பாடுவதைக் கேட்டு உருகிப் பின்னர் தந்தார் என்பதும் உ. வே. சா. வாயிலாக நாம் அறிந்தவை. நொண்டிச் சிந்து முதலான நாட்டு மெட்டுகளால் கட்டப்பட்ட கதை அது. உருகாமல் இருப்பது அரிது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தார்கள். ஆகவே 1949-இல் படம் பார்க்க வந்தவர்களின் செவியில் நந்தனார் முன்பே குடியிருந்தார். சிதம்பரம் என்ற சொல் எந்தச் சுரத்தில் வந்து விழும் என்பதை அவர்கள் சொல்லித்தர வேண்டாமலே அறிவார்கள். கேலிக் கதைக்கு இதைவிட நல்ல மூலதனம் உண்டோ?

இனிக் கிந்தனார். தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்ட வீட்டில் பிறந்த சிறுவனுக்குப் படிக்க ஆசை. உள்ளூர் வாத்தியார் விரட்டுகிறார். சிறுவன் இரயிலேறிச் சென்னைப் பட்டணம் போகிறான். படிக்கிறான். கல்வித் துறை அதிகாரியாகித் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பி வருகிறான். அன்று விரட்டிய வாத்தியார் பணிந்து வரவேற்கிறார். கதை அவ்வளவே. கலைவாணர் இதைப் பாகவதர் சொல்லும் பாணியிலேயே சொல்கிறார்: அதே இழுப்பு, அதே உருக்கம், பின்பாட்டுக்காரர் அடியை வாங்கித் திரும்பப் பாடும் அதே முறை. உருக்கத்தில் நாம் மெல்லச் சாயும் தருணத்தில் பட்டணம், பள்ளிக்கூடம், இரயில் என்று ஒரு சொல் வந்து நிற்கும். சிரிப்பு பீறிடும்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம் ஒன்று உண்டு. வெப்பம், அழுத்தம், செறிவு எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால், விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவற்றை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கிந்தனார் அப்படிப்பட்ட ஒரு சோதனை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒடுக்கப்பட்ட பிறப்பு மாறவில்லை. தணியாத வேட்கை மாறவில்லை. வழியை மறிப்பவர் மாறவில்லை. வேதியர் வாத்தியாராகிறார், அவ்வளவே. நெடும் பயணமும் இருக்கிறது. மெட்டும் இருக்கிறது. மாறியது பயணத்தின் முடிவில் நிற்கும் பொருள் ஒன்றுதான். சிதம்பரத்துக்குப் பதில் சென்னை. நடராசர் சன்னிதிக்குப் பதில் பள்ளிக்கூடம்.

சோதனையின் விளைவு என்ன? சிறு வயதில் வாத்தியார் அடங்கிப்போகும் இடத்தில்தான் நான் மிகுதியாகச் சிரித்தேன். இப்பொழுது என் கவனமெல்லாம் வேறோர் இடத்தில்: கிந்தனார் கதையில் தீ இல்லை. நந்தனார் கோயிலுக்குள் போகத் தன் உடலையே தீயில் கொடுத்து வேறோர் உடல் பெற வேண்டியிருந்தது. கிந்தனார் போன உடலோடு திரும்பி வருகிறார். எந்தப் பிறப்பைக் காட்டி விரட்டினார்களோ அந்தப் பிறப்போடு அதே வாசலில் நிற்கிறார். நந்தனார் பாட்டைக் கேட்டு நூறாண்டாக அழுதவர்கள், அந்தத் தீயை இறைவன் அருள் என்று எண்ணியே அழுதார்கள். அது நுழைவுக் கட்டணம் என்பது கேலிக் கதை வந்து அதை எடுத்துவிட்ட பின்னரே கண்ணில் படுகிறது. நந்தனாரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கலைவாணர் நந்தனாரின் ஏக்கத்தை அப்படியே மதித்து எடுத்துக்கொண்டு, அதற்கு உலகம் தந்த விடையைத்தான் கேலி செய்தார்.

காலமும் பொருந்தி வந்தது. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. சட்டப்படி கோயில் கதவு திறந்துவிட்டது. அடுத்த கதவு எது என்று 1949-இல் கேட்பது இயல்பே. அதை மேடைப் பேச்சாகக் கேட்டிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். காலட்சேபமாகக் கேட்டார் கலைவாணர், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இரயில் பகுதியைத் தனியே சொல்ல வேண்டும். பக்தன் தெய்வத்தை விளித்துப் பாடும் முறையில் இங்கே புகைவண்டியை விளித்துப் பாடுகிறார்கள். எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது என்பதே அதன் பெருமை. சக்கரத்தின் ஓட்டம் தாளமாகிறது. பாட்டின் வேகம் ஏற ஏற, சிரிப்பதா வணங்குவதா என்று தெரியாத நிலைக்கு நாம் வந்துவிடுகிறோம். சார்மினார் விரைவு வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமின்றி வந்தவர்களுக்கு அந்தச் சமத்துவம் நன்றாகவே தெரியும்! அங்கே யார் தோள் யார்மேல் சாய்கிறது என்று விசாரிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

எல்லாக் கேலிப் பாட்டும் இத்தனை சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பிய சீனிச் சர்க்கரைப் புலவர் எந்தச் சமூகத்தையும் திருத்தப் புறப்படவில்லை. 2010-இல் வந்த ‘தமிழ்ப் படம்’ திரைப்படத்தில், நம் காதல் பாட்டுகளில் பொருளின்றி ஒலிக்கும் சொற்களை மட்டுமே கோத்து ஒரு முழுக் காதல் பாட்டை அமைத்தார்கள். கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். அமெரிக்காவில் ‘வியர்டு ஆல்’ யாங்கோவிக் என்பவர் 1980களிலிருந்து பிறர் பாட்டுகளைக் கேலியாக்குவதையே தொழிலாகக் கொண்டவர். 2014-இல் அவருடைய ‘மேண்டேட்டரி ஃபன்’ இசைத்தொகுப்பு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் வந்து அமர்ந்தது. சட்டம் வற்புறுத்தாவிடினும் அசல் பாடகரிடம் இசைவு கேட்பது அவர் வழக்கம். இவையெல்லாம் நல்ல கேலிகளே. ஆனால் இவற்றின் ஆயுள் அசலின் ஆயுளைப் பொறுத்தது. அசல் மறந்தால் நகைப்பும் போகும்.

கிந்தனாருக்கும் அந்த ஆபத்து உண்டு. நம் மன்ற நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். நந்தனார் என்ற பெயர் தெரிகிறது. மெட்டு ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே என் பரிந்துரை: முதலில் தண்டபாணி தேசிகரைக் கேளுங்கள். இரண்டு நாள் அந்தப் பாட்டுகள் வாயில் முணுமுணுக்கட்டும். பிறகு கிந்தனாரைக் கேளுங்கள். வரிசை மாறினால் சுவை பாதியாகிவிடும்.

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறைத் தெலுங்கு நண்பருக்கு ஒருநாள் கிந்தனாரை வரிக்கு வரி பெயர்த்துச் சொன்னேன். அரிகதை தெலுங்கருக்குப் புதிதன்று; ஆதிபட்ல நாராயண தாசரைப் போற்றும் மொழி அவர்களுடையது. ஆகையால் பாகவதர் பாணி அவருக்கு உடனே பிடிபட்டது. கதையைக் கேட்டதும் அவர் குர்ரம் ஜாஷுவாவின் ‘கப்பிலம்’ பற்றிச் சொன்னார். 1941-இல் வந்த தெலுங்குக் காவியம் அது. காளிதாசனின் யட்சன் மேகத்தைத் தூது விட்டான். ஜாஷுவாவின் தீண்டப்படாத ஏழை, காசியில் உள்ள சிவனுக்கு வௌவாலைத் தூது விடுகிறான். ஏன் வௌவால்? அதைக் கோயிலுக்குள் விடமாட்டேன் என்று சொல்வார் எவருமில்லை! அதுவும் பழைய பாத்திரத்தில் புதியதை வார்த்ததுதான். ஆனால் அங்கே நகைப்பு இல்லை. இருந்தாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். எட்டாண்டு இடைவெளியில் அண்டை மொழிகள் இரண்டு இப்படி எண்ணியிருக்கின்றன என்பதை அறிய நான் தமிழ்நாட்டை விட்டு வர வேண்டியிருந்தது.

சிரித்து முடித்தபின் அந்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “கிந்தனார் அதிகாரியாகி வந்தார், சரி. அந்தச் சேரியில் இருந்த மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?” கலைவாணரின் கதையில் இதற்கு விடை இல்லை. ஒருவன் தப்பித்து உயர்ந்து வருவதோடு கதை முடிகிறது. 1949-இன் நம்பிக்கை அது: பள்ளி வாசலைத் தாண்டினால் போதும் என்ற நம்பிக்கை. அந்த வாசலில் யாருக்கு எத்தனை இடம் என்ற வழக்கு வெகு விரைவில் நீதிமன்றம் ஏறியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து இட ஒதுக்கீட்டைக் காத்தது. வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே என்ன நேர்கிறது என்பது இன்னொரு கேள்வி. 2016 ஜனவரியில் இந்நகரில் ஐதராபாத் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா இறந்தபோது நாடெங்கும் எழுந்த கேள்வி அது. தீயில்லாமல் உள்ளே போன கிந்தனாரை நாம் கொண்டாடுகிறோம். வகுப்பறைக்குள்ளும் தீ மூட்டப்படலாம் என்பதைப் பாட உடுமலையார் இன்று இல்லை. யாரேனும் பாடத்தான் வேண்டும்.

நண்பரும் நானும் இப்போது விளையாட்டாக ஒரு முயற்சியில் இறங்கியிருக்கிறோம். சோதனையில் மீண்டும் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன? எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குச் சிதம்பரம் இன்று அமெரிக்கா. வேதியர் இடத்தில் விசா அதிகாரி. நாற்பது வேலிக்குப் பதில் ஜி.ஆர்.இ. தேர்வும் வங்கிக் கையிருப்புச் சான்றும். நாளைப் போவேன் என்ற பேச்சு மட்டும் மாறவே இல்லை. இரயிலை விமானமாக்கினோம், தாளம் உதைக்கிறது. ஆனால் பெரிய சிக்கல் வேறு. கலைவாணர் தெய்வம் இருந்த இடத்தில் படிப்பை வைத்தார். இங்கோ நகரத்துக்கு வெளியே சில்கூரில் பாலாஜி கோயில் இருக்கிறது. விசா பாலாஜி என்றே பெயர். வேண்டுதலுக்குப் பதினொரு சுற்று. கைகூடினால் நூற்றெட்டுச் சுற்று. வேதியியலும் இயற்பியலும் படித்தவர்கள் கையில் அட்டையும் பென்சிலும் வைத்துச் சுற்றை எண்ணிக்கொண்டு விரைகிறார்கள். நந்தனாரிடமிருந்து புறப்பட்ட கதை இப்படிச் சுற்றிக்கொண்டு மறுபடி சன்னிதிக்கே வந்துவிட்டது. அந்தப் பதினொரு சுற்றுக்கு நொண்டிச் சிந்து பொருந்துமா, இன்னும் விரைவான மெட்டு வேண்டுமா என்பதில்தான் எங்களுக்குள் இப்போது வழக்கு.