வீட்டுக் கராஜில் பெயின்ற் அடிப்பவர்களுக்கு



கோடை தொடங்கிவிட்டால் எம்மவர் வீடுகள் பலவற்றில் கராஜ் கதவு திறந்தே இருக்கும். பழைய காரின் வால்வ் மூடி, பிறேக் கலிப்பர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டிப் புது நிறம் அடிக்கும் ஆர்வம் இளைஞர்களிடம் மட்டுமன்றி ஓய்வுபெற்ற அப்பாமாரிடமும் இருக்கிறது. நல்ல பொழுதுபோக்குத்தான், நாம் தடுக்க வரவில்லை. ஆனால் ரின்னுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

நாம் அதிகம் அஞ்சுவது இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பெயின்றுக்குத்தான். கடைகளில் 2கே என்பார்கள். பெற்றோல் பட்டாலும் கழராது என்பதால் விரும்பி வாங்குகிறார்கள். அதன் ஹாட்னரில் ஐசோசயனேற்று என்னும் இரசாயனம் உள்ளது. ஸ்பிறே செய்யும்போது இது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் காற்றில் நிற்கும். சுவாசிப்பவர்களில் சிலருடைய உடல் இதை எதிரியாகப் பதிவுசெய்துவிடும். அதன்பின் மிகச் சிறிதளவு பட்டாலே மூச்சுக்குழாய்கள் சுருங்கித் தொய்வு (ஆஸ்மா) வரும். முன்பு ஒருபோதும் தொய்வு இல்லாதவருக்கும் வரலாம். பெயின்ற் அடிப்பதை விட்ட பின்னரும் சிலருக்கு மாறுவதில்லை.

வைத்தியர்களையும் ஏமாற்றும் விடயம் ஒன்று உண்டு. இழுப்பு எப்போதும் உடனே வருவதில்லை. மாலையில் அடித்தவர் நள்ளிரவில் இருமி எழும்புவார். குளிர் பிடித்துவிட்டது என்று மல்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். வார இறுதியில் இருமல், வார நடுவில் சுகம், அடுத்த வார இறுதியில் மீண்டும் இருமல் என்றால் கராஜைச் சந்தேகியுங்கள்.

மணம் வந்தால் வெளியே வருவோம் என்று இருக்கவும் முடியாது. ஐசோசயனேற்று மணக்கும்போது பாதுகாப்பான அளவு ஏற்கெனவே கடந்திருக்கும். கொவிட் காலத்தில் வாங்கி மிஞ்சிய மாஸ்க் இதற்கு உதவாது. தொழில் செய்பவர்கள் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசம் அணிந்தே அடிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல் அவர்களுக்குப் பயிற்சியும் கட்டாயம். இந்த வசதி இல்லாதவர்கள் 2கே பக்கம் போகாதிருப்பதே எமது ஆலோசனை. ஐசோசயனேற்று இல்லாத, சூடு தாங்கும் எஞ்சின் இனாமல் கிடைக்கிறது. அதையும் வெளியில், பிள்ளைகள் இல்லாத இடத்தில் அடியுங்கள்.

பவுடர் கோற்றிங்கில் கரைப்பான் இல்லை என்பதால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. காற்றில் பரவிய தூள் ஒரு பொறியில் பற்றக்கூடியது. சில தூள்களில் உள்ள ரீ.ஜீ.ஐ.சீ. என்னும் பொருள் தோலிலும் சுவாசத்திலும் ஒவ்வாமை உண்டாக்கும். தூளை இறுக்க ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அதற்காக அம்மா கடைக்குப் போன நேரம் சமையலறை அவணுக்குள் வால்வ் மூடியை வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்! பவுடர் சுட்ட அவணில் பிறகு உணவு சமைக்கக் கூடாது.

பழைய பெயின்றைக் கழற்றும் திரவத்தையும் பாருங்கள். லேபிளில் டைகுளோரோமீத்தேன் என்றிருந்தால் பாவிக்க வேண்டாம். உடலுக்குள் போனபின் அது காபனோரொட்சைட்டாக மாறி, இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் குறைக்கும். இதய நோய் உள்ளவருக்கு இது பேராபத்து. பொதுமக்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசெம்பரிலும் அமெரிக்கா 2019 இலும் நிறுத்தின. ஆனால் கராஜ் தட்டில் பழைய ரின் இன்னமும் இருக்கக்கூடும்.

ஊரில் போல மண்ணெண்ணெயில் கை கழுவ வேண்டாம். தோல் வெடித்து எக்சிமா வரும். கையுறை போடுங்கள். வேலை உடுப்பைக் குழந்தைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள்.

கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாத அளவு மூச்சு முட்டினால் உடனே அம்புலன்சை அழையுங்கள். இருமல் மட்டும் என்றால் உங்கள் வைத்தியரிடம் போகும்போது பெயின்ற் ரின்னின் லேபிளைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.