சைனஸ் அறுவைச் சிகிச்சையில் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது ஏன்?

"இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருங்கள் என்கிறீர்கள், பிறகு அறுவையின்போது நீங்களே அதைக் குறைக்கிறீர்களே?" முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம், ஆவடி பகுதிகளிலிருந்து சைனஸ் அறுவைக்கு வருவோரின் குடும்பத்தினர் மனத்தில் எழும் நியாயமான வினா இது.

விடை மூக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய குழாயை நாசி வழியே செலுத்தி மருத்துவர் பணிபுரிகிறார். சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் இடையே காகிதம் போன்ற எலும்பு ஒன்றே தடுப்பு. மேலே மூளை, பின்னே பார்வை நரம்பு. குழாயின் முனையில் ஒரு துளி இரத்தம் படிந்தாலும் காட்சி மங்கும். ஆகவே, கசிவைக் குறைப்பது வசதிக்காக அன்று, பாதுகாப்பிற்காக.

120/80 அழுத்தம் உடையவரின் சராசரி இரத்த அழுத்தம் ஏறத்தாழ 93 மி.மீ. பாதரசம். ஆரோக்கியமானவர்களுக்கு அறுவையின்போது இதனைப் பொதுவாக 60 முதல் 70 வரை இறக்குவர். இதற்கு மருந்து மட்டும் காரணமன்று. தலைப்பக்கம் சற்று உயர்த்தப்படும். நாசியில் இரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து வைக்கப்படும்.

எந்த மருந்து சிறந்தது? 1995இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் எஸ்மோலால், சோடியம் நைட்ரோபுருசைடு ஆகிய இரண்டையும் ஒப்பிட்டனர். பின்னது குழாய்களை விரிக்கிறது. இதயமோ ஈடுசெய்ய வேகமாகத் துடிக்கிறது. முன்னது இதயத் துடிப்பை நிதானப்படுத்துகிறது. எஸ்மோலால் பெற்றவர்களிடம் அழுத்தத்தை அதிகம் இறக்காமலேயே தெளிவான காட்சி கிடைத்தது. எண்ணைக் குறைப்பது மட்டும் போதாது, இதயம் நிதானமாக இயங்குவதும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

இதனால்தான் நரம்பு வழியே செலுத்தும் புரோபோஃபாலைப் பலர் விரும்புகின்றனர். சுவாசிக்கும் மயக்க வாயுவைவிட இது கசிவைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. எல்லா ஆய்வுகளும் உடன்படவில்லை. ரெமிஃபென்டானில் வலியையும் துடிப்பையும் விரைவில் அடக்கும். விளைவும் விரைவில் நீங்கும், ஆதலால் வேறு வலிநிவாரணி தேவை. டெக்ஸ்மெடிடோமிடின் துடிப்பை மெதுவாக்கும். ஆனால் விழித்தபின் உறக்கம் சற்று நீளலாம், ஏற்கெனவே துடிப்பு குறைந்தவர்க்கு அது ஏற்றதன்று.

ஒருவருக்கு ஏற்றது மற்றவர்க்குப் பொருந்தாது. நாசியில் பாலிப் உள்ள சிலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு எஸ்மோலால் போன்ற மருந்துகளில் எச்சரிக்கை தேவை. அவர்களுள் சிலருக்கு ஆஸ்பிரின், சில வலிநிவாரணிகள் மூச்சுத்திணறலைத் தூண்டலாம். நெடுநாள் இரத்த அழுத்த நோயாளி, சர்க்கரை நோயாளி, பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்தவர் ஆகியோருக்கு அழுத்தத்தை அதிகம் இறக்கினால் மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும். 2021இல் கோவிட் காலத்தில் கருப்புப் பூஞ்சை நோயால் சைனஸ் அறுவை தேவைப்பட்டோருள் பலர் சர்க்கரை நோயாளிகள். தெளிவான காட்சியும் உறுப்புகளின் பாதுகாப்பும் ஒருங்கே தேவைப்படும் இத்தகையோர்க்கு, இலக்கை அவரவர் வழக்கமான அழுத்தத்தை வைத்தே வகுக்க வேண்டும்.

ஆகவே, மயக்கவியல் நிபுணரிடம் மறைக்காமல் கூறுக:

1. உட்கொள்ளும் எல்லா மருந்துகளும். சித்த, மூலிகை மருந்துகளும் அடங்கும்.
2. ஆஸ்துமா, ஒவ்வாமை, முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட தொல்லை.
3. வீட்டில் அளந்த இரத்த அழுத்தக் குறிப்புகள்.

அழுத்த மாத்திரையையோ ஆஸ்பிரினையோ தாமாக நிறுத்த வேண்டாம். எதனை, எப்போது என்று நிபுணர் சொல்வார். விழித்தபின் உடனே எழுந்து அமர்தலும் மூக்கைச் சிந்துதலும் கூடா. பார்வை மங்கினாலோ, கண் வீங்கினாலோ, மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தாலோ உடன் இருப்பவர் தயங்காமல் செவிலியரை அழைக்கவும்.

மருந்தைத் தேர்வது மருத்துவரின் கடமை. அத்தேர்வுக்கு வேண்டிய உண்மையைத் தருவது உங்கள் பங்கு.