இரண்டு விக்ராந்த்கள்

1971 டிசம்பரில் வங்கக் கடலில் நின்ற நமது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களை நோக்கித் தன் விமானங்களை ஏவியது. அப்போது அதன் 4 கொதிகலன்களுள் ஒன்று பழுதாகி அணைக்கப்பட்டிருந்தது. கப்பலால் முழு வேகத்தில் ஓட இயலாது. கப்பல் மெதுவாகப் போனால் விமானத்துக்கு என்ன?

மாணவ நண்பர்களே, விமானத்தைத் தூக்குவது இறக்கையின் மீது வீசும் காற்று. ஆகவே விமானத்தை ஏவும்போது கப்பலைக் காற்றுக்கு எதிராக ஓட்டுவார்கள். எதிர்க்காற்று வினாடிக்கு 5 மீட்டர், கப்பலின் வேகம் 13 மீட்டர் எனக் கொள்வோம். அசையாமல் நிற்கும் விமானத்தின் மீதே 18 மீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது அல்லவா? மேலெழ 45 மீட்டர் தேவையென்றால், இன்னும் 27 மீட்டர் போதும். கப்பலின் வேகம் 8 மீட்டராகக் குறைந்தால் 32 மீட்டர் வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே சுமார் 40 சதவீதம் கூடுதல் ஆற்றல்! அந்த ஆற்றலைத் தந்து விமானத்தைக் கவண்கல்போல் எறிந்த கருவியும் கொதிகலனின் நீராவியால் இயங்கியதே. ஒரு பழுதால் இரண்டு இடைஞ்சல்கள்.

இக்கப்பலின் கட்டுமானம் 1943-இல் பிரிட்டனில் தொடங்கியது. அப்போது அதன் பெயர் ஹெர்குலிஸ். போர் முடிந்ததும் அரைகுறையாக நின்றுபோனதை 1957-இல் இந்தியா வாங்கியது. 1961-இல் விக்ராந்த் என்ற பெயருடன் பணியேற்று, 1997-இல் ஓய்வு பெற்றது.

பாட்டன் பெயரைச் சூடுபவனே பெயரன். அதுவே மருவிப் பேரன் ஆயிற்று. ஓய்வு பெற்ற கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டும் வழக்கம் நம் கடற்படையிலும் உண்டு. கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2 அன்று பணியேற்ற கப்பலும் விக்ராந்த்தான். ஆர் 11 என்ற அடையாள எண்ணும் பழையதே.

உடல்வாகு மட்டும் வேறு. பாட்டனின் நீளம் 213 மீட்டர், பேரனின் நீளம் 262 மீட்டர். பாட்டன் இடம்பெயர்த்த கடல்நீர் 19,500 டன். பேரன் ஏறக்குறைய 45,000 டன். இதை ஓட்டுபவை 4 வாயுச் சுழலிகள். கொதிகலன் நீராவியை நம்பிய எறிகருவி இதில் இல்லை. அதற்குப் பதிலாகத் தளத்தின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கிறது. (பாட்டனுக்கே தன் கடைசிக் காலத்தில் எறிகருவியை நீக்கி இத்தகைய வளைவு பொருத்தினார்கள்.)

இந்த வளைவு விமானத்தின் வேகத்தைக் கூட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு! மேட்டில் ஏறும் எதுவும் சற்று வேகம் இழக்கத்தான் செய்யும். வளைவு தருவது நேரம்.

விமானம் 14 பாகைக் கோணத்தில், வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் தளத்தை விட்டு நீங்குகிறது என்போம். மேல்நோக்கிய கூறு 50 × சைன் 14, அதாவது சுமார் 12 மீட்டர். அந்த வேகத்தில் இறக்கை எடையில் பாதியைத்தான் தாங்குகிறது என்றாலும், கீழ்நோக்கிய முடுக்கம் 9.8 அன்று, 4.9 மட்டுமே. மீண்டும் தள மட்டத்துக்கு இறங்கி வர 24 ÷ 4.9, ஏறக்குறைய 5 வினாடி ஆகும். எந்திரமோ ஓய்வதில்லை. அது வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வேகத்தைக் கூட்டினால், கடலைத் தொடுமுன்பே 25 மீட்டர் கூடுதல் வேகம் கிடைத்துவிடும். விமானம் பறக்கத் தொடங்கியிருக்கும்.

நான் ஒன்றை எளிமைப்படுத்திவிட்டேன். வேகம் கூடக்கூட இறக்கையின் தூக்குவிசையும் கூடும்; அது பாதியிலேயே நிற்காது. அதையும் சேர்த்தால் விடை 5 வினாடிக்கு மேலா, கீழா? நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.