மல்லையும் தீருவும்: இரண்டு துறைமுகங்கள் தரும் பாடம்



நம்ம காஞ்சிபுரத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஸ்கூல் பிள்ளைகளோடும் வாலிபர் கூட்டத்தோடும் எத்தனை தடவை பஸ் ஏறிப் போயிருப்போம்! போட்டோ எடுத்துக்கொண்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். ஒரு காலத்தில் அதுதான் நம்ம ஊருக்குக் கடல் வாசல் என்பதை எத்தனைபேர் யோசித்திருக்கிறோம்?

1. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பட்டணம்

பல்லவ ராஜாக்கள் அரசாண்டது காஞ்சியில். அவர்களுடைய துறைமுகம் மல்லை. முதலாம் நரசிம்மவர்மனுக்கு (ஏறக்குறைய கி.பி. 630-668) ‘மாமல்லன்’ என்று பட்டப்பெயர். ஊருக்கும் அந்தப் பேரே நின்றுவிட்டது. ராஜ்யத்தை இழந்த இலங்கை இளவரசன் மானவம்மன் இவனிடத்தில் அடைக்கலம் புகுந்தான். அவனுக்காகப் பல்லவன் 2 தடவை படை அனுப்பினான். முதல் தடவை காரியம் வாய்க்கவில்லை, இரண்டாம் தடவை ஜெயம் என்று இலங்கையின் சூளவம்சம் சொல்லுகிறது. பின்னால் வந்த ராஜசிம்மன் இங்கே கைலாசநாதர் கோயிலையும் அங்கே கடற்கரைக் கோயிலையும் கட்டினான். ஒரே ராஜா, இரண்டு ஊர். கவனியுங்கள், காஞ்சி இல்லாமல் மல்லை இல்லை.

2. தீருவைப் பாருங்கள்

வேதத்தில் நாம் வாசிக்கிற தீரு பட்டணம் மத்தியதரைக் கடலோரத்தில், இன்றைய லெபனான் தேசத்தில் இருக்கிறது. அதன் சந்தைக்கு வந்த சரக்குகளை எசேக்கியேல் 27-ம் அதிகாரம் வரிசையாகச் சொல்லுகிறது. இரத்தாம்பரச் சாயத்துக்குப் பேர்போன ஊர். கடல் நத்தையிலிருந்து எடுக்கும் சாயம் அது. சில கிராமுக்கே ஆயிரக்கணக்கான நத்தைகள் வேண்டும். சாயம் போடுகிற நம்ம சகோதரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தீருவின் கோட்டை ஒரு தீவில் இருந்தது. அலெக்சாந்தர் கி.மு. 332-ல் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டிப் பாதை போட்டு, 7 மாதத்தில் அதைப் பிடித்தான். அடுத்த வருஷம் எகிப்தில் அலெக்சந்திரியாவுக்கு அஸ்திபாரம் போட்டான். வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. “அதோடு தீரு அழிந்தேபோயிற்று” என்று நானும் முன்பு பிரசங்கித்திருக்கிறேன். அது தப்பு. பவுல் ஏறிவந்த கப்பல் சரக்கு இறக்கினது தீருவில்தான் (அப். 21). பெருமை குறைந்தது, ஊர் இருந்தது.

3. மல்லைக்கு நடந்தது

9-ம் நூற்றாண்டின் முடிவில் பல்லவ ராஜ்யம் சோழர் கைக்குப் போயிற்று. சோழருக்கு நாகப்பட்டினம் பெரிய துறைமுகமாக எழும்பிற்று. மல்லையின் மகிமை மங்கிற்று. அடுத்த தடவை போனால் ஐந்து ரதங்களைச் சுற்றிப் பாருங்க. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தவர்கள், அடிப்பாகத்தை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். ராஜாக்கள் ஆரம்பித்தது அப்படியே நிற்கிறது.

4. நின்றது எது?

2004 டிசம்பர் 26 சுனாமியில் மணல் அரித்துப்போய், மறைந்திருந்த சில சிற்பங்களும் கல்வெட்டும் வெளியே தெரிந்தன. ஆனால் மணலுக்குள் போகாத ஒன்று உண்டு, அது கைத்தொழில். 1957-ல் மல்லையில் சிற்பப் பள்ளி ஆரம்பமாயிற்று. இன்றைக்கும் அந்தத் தெருக்களில் உளிச்சத்தம் கேட்கிறது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மல்லையும் சேர்ந்தது, தீருவும் சேர்ந்தது. தீருவின் சாயத்தொழிலோ மறைந்தேபோயிற்று. கற்றுக்கொடுக்கக் கை இல்லை.

அன்பானவர்களே, நம்ம தெருவில் தறிச்சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. “என் பையன் இதுல கஷ்டப்பட வேண்டாம் பாஸ்டர்” என்று நெசவாளர் சொல்லும்போது என்னால் பதில் பேச முடிகிறதில்லை. கூலியின் கஷ்டம் எனக்கும் தெரியும். பையன் வேலைக்குப் போகட்டும், தடையில்லை. ஆனாலும் சாயந்தரம் ஒரு மணி நேரம் தறியண்டை உட்காரவைத்து, பாவு பிணைக்கவும் கோர்வை போடவும் கற்றுக்கொடுங்கள். துறைமுகம் ராஜாவோடு போகும். கையிலிருந்து கைக்குப் போன தொழில் நிற்கும்.

சிந்திக்க:
1. மல்லையின் மகிமை மங்கினதற்கும் தீருவின் பெருமை குறைந்ததற்கும் ஒத்த காரணம் என்ன?
2. நான் கற்ற தொழிலை யாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்?