பங்குனியில் மலை: அசோக் நகர் குடும்பங்களுக்குப் பருவகால ஆலோசனை

பிள்ளைகளுக்குத் தேர்வு முடியப்போகிறது. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் பார்த்த கையோடு எங்காவது மலைக்குப் போய்வரலாமா என்ற பேச்சு வீட்டுக்கு வீடு தொடங்கியிருக்கும். அதற்கு முதல் பதில் இது: தமிழ்நாட்டு மலைகளின் காட்டுப் பாதைகளில் ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் கால் வைக்காதீர்கள். ஊட்டியிலோ ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஊருக்குள் அறை எடுத்துத் தங்கித் திரும்புவதில் தவறொன்றும் இல்லை. புல்மேட்டையும் சருகுக் காட்டையும் கடந்து நடக்கிற பயணத்தைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

இமயத்தில் இது பனி உருகும் காலம். நம் மலைகளில் இது ஈரம் வற்றும் காலம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடுகிறது. தை மாதப் பனியில் மேட்டுப் புல் காய்ந்து வெளிறுகிறது. மாசியில் இலையுதிர் காடு தன் இலையை எல்லாம் கொட்டிவிடுகிறது. கோடை மழை இரண்டு மூன்று நல்லதாகப் பெய்யும்வரை அந்த மலைச்சரிவு முழுவதும் எரியக் காத்திருக்கும் விறகுதான். ஒரு பீடித் துண்டு போதும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில், மலையேற்றத்துக்குப் போயிருந்தவர்கள் திரும்பி இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள். இளம் பெண்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், வார விடுமுறைக்கு முதுகுப்பையோடு கிளம்பியவர்கள். ஆளுயரம் வளர்ந்து காய்ந்த புல், செங்குத்தான சரிவு, மாற்றி மாற்றி அடித்த காற்று. ஓட இடமே இல்லை. அந்தச் செய்தி வந்த இரவை நகரத்தில் மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் வாட்ஸ்அப்பில் மலையேற்ற அழைப்புகள் சுற்றத்தான் செய்கின்றன.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வழியாக 40 மலைப்பாதைகள் இணையத்தில் பதிவு செய்து நடக்கத் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். அவர்களில் பலர் அந்தந்த மலையிலேயே பிறந்தவர்கள். 2025-இல் தீக்காலம் என்பதற்காகப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகளை மூடினார்கள். அரசே தன் பாதையை மூடிவைக்கும் மாதங்களில் வேறு யாரோ ஒருவர் “நமக்குத் தெரிந்த வழி இருக்கிறது” என்று கூப்பிட்டால், அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். அதில் நீங்கள் நடக்கப்போகும் பாதையின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மலைக்கு வாங்கிய அனுமதி இந்த மலைக்குச் செல்லாது.

இத்தனைக்கும் பிறகு ஏதோ ஒரு காரணத்தால் மலையில் இருக்க நேர்ந்து, புகை கண்ணில் பட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு கூடக்கூட அதன் வேகமும் கூடும். ஆகவே தீக்கு மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் விலகி மொட்டைப் பாறைக்கோ ஓடைப் படுகைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகி அடங்கிய தரைக்கோ போங்கள். எரிந்து முடிந்த இடம் மறுபடி எரியாது. நைலான், பாலியஸ்டர் உடை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மலைக்கு எப்போதுமே முழுக்கைப் பருத்திச் சட்டைதான். புகை தெரிந்த உடனே 112-க்குச் சொல்லுங்கள். எவ்வளவு தூரத்துப் புகையாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இந்தத் தள்ளிப்போடலுக்கு ஒரு விலக்கு உண்டு. கோவைப் பக்கம் வெள்ளியங்கிரிக்கு நேர்ந்துகொண்டவர்கள் இந்த மாதங்களில்தான் போக முடியும். ஏழாவது மலைவரை ஏற வனத்துறை அனுமதிக்கும் காலம் இது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் அடிவாரத்திலேயே சாமி கும்பிட்டுத் திரும்பிவிடுங்கள். ஏறும் வழியில் உயிர் போனவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மற்றவர்கள் பீடி, தீப்பெட்டி, பிளாஸ்டிக் எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள்.

பனிக்குப் போகிறவர்களுக்கு

நம் பகுதியிலிருந்து குல்மார்க்குக்கும் ஔலிக்கும் பனிச்சறுக்கு பார்க்கவும் பழகவும் போகும் குடும்பங்கள் இப்போது அதிகமாகிவிட்டன. மார்ச் மாதம் என்பதால் ஔலியில் பனி மெலிந்துகொண்டே வரும். குல்மார்க்கில் உயரமான சரிவுகளில் ஏப்ரல் தொடக்கம்வரை கிடைக்கும். இந்தப் பருவத்துப் பனிக்கு ஒரு குணம் உண்டு. இரவில் இறுகிக் கண்ணாடி போல் ஆகிறது, காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் மேற்பரப்பு இளகிச் சறுக்கப் பதமாகிறது, மதியத்துக்குப் பிறகு கூழாகிக் காலை இழுக்கிறது. ஈரம் ஏறிக் கனத்த பனிதான் மொத்தமாகச் சரிவதும். பழகுபவர்கள் நண்பகலுக்குள் முடித்துவிட்டு இறங்கிவிடுங்கள். கொடி நட்டுப் பராமரிக்கும் சரிவை விட்டு வெளியே ஓர் அடியும் போகாதீர்கள். பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரில் உள்ள ராணுவ ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடுகிறது, காலையில் தங்குமிடத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

நாம் கடல் மட்டத்துக்காரர்கள். காலையில் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, மறுநாளே குல்மார்க்கின் கேபிள் காரில் இரண்டாம் கட்டம்வரை போனால் ஏறத்தாழ 3,900 மீட்டரில் நிற்போம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரும். ஸ்ரீநகரில் ஓர் இரவு, குல்மார்க்கில் ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு மூன்றாம் நாள் மேலே போங்கள். தலைவலி அதிகமானால் மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கப் பார்க்காமல் கீழே இறங்கிவிடுங்கள். வெயில் பனியில் பட்டு எதிரொளித்து மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும்கூடத் தோலைச் சுட்டுவிடும். பிள்ளைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

ஔலிக்குப் போகும் வழி ஜோஷிமட். 2023 ஜனவரியில் அந்த ஊரின் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்து மக்கள் இரவோடு இரவாக வெளியேறினார்களே, அதே ஊர். பழங்கால நிலச்சரிவு கொட்டிவைத்த மண், கல் குவியல்மேல் அது உட்கார்ந்திருக்கிறது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. முன்பதிவு செய்யும் முன் அங்கே சாலை நிலவரத்தை விசாரியுங்கள். இரவில் அந்த மலைச்சாலையில் வண்டி ஓட்டச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள்.

இமயச் சந்தைகளில் இப்போது குச்சி என்ற காளான் வரும். தேன்கூடு போலக் குழி விழுந்த தலை, கிலோ பல ஆயிரம் ரூபாய். காட்டில் நீங்களே பறிக்க வேண்டாம். அதைப் போலவே தோன்றும் நச்சுக் காளான்களும் உண்டு. உலர்ந்ததை நம்பகமான கடையில் வாங்கி, ஊறவைத்து மணல் போகக் கழுவி, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாகத் தின்றால் நல்ல குச்சியே வயிற்றைப் புரட்டிவிடும்.

மூன்று நிலையம் தள்ளி ஒரு மலை

மலைக்குப் போக முடியாத இந்த வாரங்களில் பிள்ளைகளைப் பரங்கிமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், அடுத்தது பரங்கிமலை. காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். எட்டரைக்கு மேல் கல்படி சுட ஆரம்பித்துவிடும்.

பெரும்பாலானவர்கள் மேலே உள்ள மாதா கோயிலைப் பார்த்துவிட்டு, ஓடுபாதையில் இறங்கும் விமானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். காலடியில் இருக்கும் கல்லையும் பார்க்கச் சொல்கிறேன். வெளித்தோல் துருப்பிடித்த பழுப்பு. உடைந்த முகத்தைப் பார்த்தால் நீலமும் பச்சையும் கலந்த கறுப்பு, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். சார்னோக்கைட் என்று உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களில் இருக்கும் பாறை வகைக்குப் பெயர் வந்த கதை இந்த வட்டாரத்தில்தான் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்கத்தாவில் இறந்த பிறகு அவர் கல்லறைக்குப் பல்லாவரப் பக்கத்துக் கருங்கல் போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல், அந்தக் கல்லை ஆராய்ந்து அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். பரங்கிமலைச் சார்னோக்கைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று.

வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். தரைக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில், ஈரமே இல்லாத கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய கல் இது. மேலே இருந்தது அத்தனையும் அரித்துப் போன பிறகு வெளியே வந்திருக்கிறது. இமயம் எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. ஜோஷிமட்டில் நிலம் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பதற்கும் இங்கே அசையாமல் கிடப்பதற்கும் பெரிய காரணம் இந்த வயது வித்தியாசம். நீலகிரியும் ஏற்காட்டின் சேர்வராயன் மலையும் இதே கல் குடும்பத்தால் ஆனவை. தென் சென்னையின் பல தெருக்களில் போர் போடும்போது “பாறை தட்டிடுச்சு” என்று நிறுத்துகிறார்களே, அங்கே தட்டுவதும் பெரும்பாலும் இதுதான். அதனால்தான் மழைநீரை இறக்கும் கிணறு நம் வீடுகளுக்கு இத்தனை முக்கியம்: பாறைக்கு மேலே உள்ள மண்ணடுக்கில் தேங்குவதுதான் நமக்குக் கிடைக்கும் தண்ணீர். கோடை மழைக்கு முன்பே அந்தக் குழியைத் தூர்வாரி, கூழாங்கல்லை எடுத்துக் கழுவிப் போட்டுவிடுங்கள்.

மேலே வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையையும் தேடிப் பாருங்கள். இந்திய நில அளவையின் அடிப்படைக் கோட்டை அவர் இந்த மலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே 1802 ஏப்ரல் 10-இல் அளக்கத் தொடங்கினார். மே மாதம்வரை அந்த வெயிலில் நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்து அளந்தார்கள். சூட்டில் சங்கிலி நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானிகள் வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். எவரெஸ்டின் உயரத்தைப் பின்னாளில் கணக்கிட்டது இங்கே தொடங்கிய அளவையின் தொடர்ச்சிதான்.

கல்லைத் தட்டி உடைத்து எடுத்துவராதீர்கள். சுற்றுவட்டாரத்தில் பெரும்பகுதி ராணுவ நிலம். படியையும் சாலையையும் விட்டு விலகாதீர்கள்.

பறிப்பதும் பறிக்கக் கூடாததும்

காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்துவருவது சட்டப்படி குற்றம். காட்டில் நெல்லிக்காயும் கடுக்காயும் தேனும் சேகரிக்கும் உரிமை, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களுடையது. ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ போகிறவர்கள் அவர்களிடமே புளியும் சாமையும் தேனும் வாங்குங்கள். புதுப்புளி வந்திருக்கும் பருவம் இது. ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக் கொட்டை எடுத்துக் கல்லுப்புப் போட்டு வைக்கலாம்.

நம் தெருவில் இந்த மாதம் பறிக்கத் தக்கது வேப்பம்பூ. மரத்தடியில் முந்தின இரவே பழைய வேட்டியை விரித்துவையுங்கள். விடியலில் உதிர்ந்த பூவை வாரிக்கொள்ளலாம், கிளையை ஒடிக்கவே வேண்டாம். காம்பும் குப்பையும் போகப் புடைத்து, நிழலில் நான்கைந்து நாள் சலசலக்கும்வரை உலர்த்தி, ஈரமில்லாத பாட்டிலில் போடுங்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப்பூ, மீதி வருஷம் முழுக்க ரசத்துக்கு. பேருந்து ஓடும் சாலையோர மரத்தை விட்டுவிட்டு உள்தெரு மரமாகப் பாருங்கள். கொடுக்காப்புளியும் இப்போது பழுக்கிறது. சிவந்து வெடித்ததுதான் இனிக்கும்.

கீரைக்கு இது காலமில்லை. முடக்கத்தானும் மூக்கிரட்டையும் வேலியோரம் வாடி முற்றியிருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு பறித்துக்கொள்ளலாம். அடையாற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் எந்தக் காலத்திலும் கீரை பறிக்காதீர்கள். சாக்கடையின் உலோகக் கழிவைக் கீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோடை மழை பெய்த மறுநாள் காலி மனையிலும் பூங்காப் புல்லிலும் முளைக்கும் வெள்ளைக் குடைக் காளானைத் தொடவே வேண்டாம்.

விடுமுறையில் பிள்ளைகள் கூட்டமாக விளையாடும்போது காட்டாமணக்கு விதையைக் கடலை என்று தின்றுவிடுவது தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கிறது. காலி மனையில் அந்தச் செடி இருந்தால் பிள்ளைகளை நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிச் சொல்லிவையுங்கள். குன்றிமணி, அரளி, ஊமத்தையையும் அப்படியே அடையாளம் காட்டுங்கள். தின்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், தின்ற விதையோ இலையோ கொஞ்சத்தைக் கையோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.