டிம் சம் என்பது எந்தப் பண்டம்?

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'டிம் சம்' சாப்பிடக் கூட்டிப்போனான். மூங்கில் கூடையில் கொழுக்கட்டை மாதிரி, உள்ளே இறால் வைத்து வந்தது. இங்கே தள்ளுவண்டியில் விற்கிற மோமோவும் அதுவும் ஒன்றுதானுங்களா? அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?
– வாசகி, சோமனூர்

பதில்: டிம் சம் எந்த ஒரு பண்டத்தின் பெயரும் இல்லைங்க. நாம் பலகாரம் என்கிறோமே, அதைப்போலப் பொதுப்பெயர். கான்டனீஸ் பேச்சில் 'டிம்' என்றால் புள்ளி, லேசாகத் தொடுவது. 'சம்' என்றால் இதயம். இரண்டையும் சேர்த்து 'இதயத்தைத் தொடுவது' என்று ஹோட்டல் மெனுவில் அச்சடிக்கிறார்கள். எனக்குப் பழைய வழக்கே பிடிக்கும். தாங் வம்சத்து ஆட்சியில் (618–907) அது வினைச்சொல்லாக இருந்தது: சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பசி அடங்கக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்வது. மலேசியத் தமிழர்கள் காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுவது' என்பார்கள். அந்தச் சொல்தான் இதற்குக் கிட்டத்தில் வருகிறது.

தென்சீனத்தில், குறிப்பாகக் குவாங்சோவின் தேநீர்க்கடைகளில், இது பெரிய கலையாக வளர்ந்தது. அங்கே 'டிம் சம் சாப்பிடப் போகலாம்' என்பதைவிட 'யாம் ச்சா' என்றுதான் கூப்பிடுவார்கள். தேநீர் குடிப்பது என்று பொருள். தேநீர்தான் முதல், பலகாரம் அதற்குத் துணை.

நீங்கள் சாப்பிட்டது 'ஹா காவ்' ஆக இருக்கும். மேல்தோல் வழியாக இறாலின் சிவப்புத் தெரிந்ததா? அந்தத் தோல் மைதா இல்லை. பசைச்சத்து நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சும் மரவள்ளிக்கிழங்கு மாவும் கலந்து, கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைவது. உங்கள் ஊர்ப் பக்கம் சைசிங் ஆலையில் தறிக்கான பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும்போது வெள்ளை மாவுத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆவியில் இந்தத் தோலுக்கு நடப்பதும் அதுதான். அகலக் கத்தியின் பக்கவாட்டில் எண்ணெய் தடவி, உருண்டையை ஒரே அழுத்தில் வட்டமாக்கி, இறாலை வைத்து ஏழு மடிப்புக்குக் குறையாமல் மடிப்பார்கள். குச்சியால் தூக்கும்போது தோல் கிழிந்தால் கைப்பக்குவம் போதாது என்று அர்த்தம்.

மோமோ திபெத், நேபாளப் பக்கத்தது. மைதாத் தோல், காரச் சட்னி. பங்காளி என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்தியாவிலேயே டிம் சம்மைத் தெருவில் சாப்பிட வேண்டுமானால் கொல்கத்தாவின் டிரெட்டா பஜாருக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வந்து குடியேறிய சீனர்களின் பேட்டை அது. ஆவி பறக்கும் 'பாவு' (உள்ளே பூரணம் வைத்த பன்), 'சியூ மாய்' (வாய் மூடாத கொழுக்கட்டை) எல்லாம் விடியற்காலையில் கடைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை போவது நல்லது, அதுவும் எட்டு மணிக்குள். கடைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோழி, மீன் வைத்ததும் கிடைக்கும்.